தேதி கேட்கும் யந்திரம்

அத்தியாயம் 3

தம்பிராஜா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

மேசைமேல் ஒரு தாள். தட்டச்சு செய்தது. 'முதலாம் ஆண்டு சி மொழிப் பாடத்துக்கு நான் ஒப்படைத்த புரோகிராம் சக மாணவருடையதன் நகல் என்று ஒப்புக்கொள்கிறேன்.' கீழே புள்ளிக்கோடு. கோட்டின்மேல் பேனா முனை.

"போட்டுடாதீங்க."

வாசலில் நின்ற நாகம்மை மலாயில் சொன்னாள். மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியில் அவள் எப்போதும் மலாய்தான் பேசுவாள். வாசல் நிலையில் மாவிலை, உள்ளே முருகன் படம், வீட்டுக்காரர் பெயர் தம்பிராஜா. ஆனால் இந்த வீடுகளில் தமிழ் சில சொற்களாக மட்டுமே மிஞ்சியிருந்தது.

அவளுக்குப் பின்னால் ஷரீஃபுதீன் செருப்பைக் கழற்றினான். மலாய் வழக்கப்படி அவரை அண்ணனாக்கிக்கொண்டான்.

"அபாங், நாங்க உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம். அவங்க நாகம்மை அக்கா, துப்பறிவாங்க. நான் ஷரீஃப், வெஸ்பா ஓட்டுவேன். உங்க லேப்ல சாவி வெச்சிருக்காங்களே சுல்தானா, அவங்க தம்பி."

"சுல்தானா அனுப்பினாங்களா?"

"ஆமா. எழுந்து போகும்போது நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போற ஒரே மாணவர் நீங்கதானாம். அப்படிப்பட்டவர் திருட மாட்டார்னு எங்க ராத்தா சொல்றாங்க. எங்க வீட்டுல நாற்காலியைத் தள்ளாததுக்கே என்னைத் திருடன்னுதான் சொல்லுவாங்க."

தம்பிராஜா சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருடமாக ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர். பட்டம் இருந்தால் நிரந்தரம். அதற்காகத்தான் பல்கலைக்கழகத்தின் மலாக்கா வட்டார மையத்தில், ஞாயிறுதோறும், தன்னைவிட வயதில் சிறியவர்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்.

சுவரில் மணி பதினொன்று நாற்பது.

"விசாரணை எத்தனை மணிக்கு?" என்றாள் நாகம்மை.

"மூணு. கையெழுத்துப் போட்டுட்டா இந்தப் பாடத்துல மட்டும் தோல்வி. போடாம, குற்றம் உறுதியாச்சுன்னா பல்கலைக்கழகத்திலேர்ந்து நீக்கம். கல்வி இலாகாவுக்கும் கடிதம் போகும்." அவர் தாளைப் பார்த்தார். "தற்காலிக ஆசிரியரை அனுப்ப ஒரு கடிதம் போதும்."

"காப்பி அடிச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப ஏன் பேனாவைத் திறந்தீங்க?"

நாகம்மை அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். மூடினாள். தன் கைப்பையில் போட்டாள்.

"மூணு மணிக்கு மேல தர்றேன். இப்ப சொல்லுங்க."

அவர் சொன்னார். முதல் ஒப்படைப்பு எளிமையானது. சில மாணவர்களின் மதிப்பெண்களை வரிசையாகப் பெட்டிகளில் போட்டு, சராசரி கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு டிஸ்க். திருத்திய விரிவுரையாளர் கலியாணசுந்தரம் இரண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். ஒன்று தம்பிராஜாவுடையது. மற்றது அடைக்கப்பனுடையது. வங்கி அதிகாரி. இரண்டிலும் ஒரே புரோகிராம். வரிக்கு வரி, எண்ணுக்கு எண்.

"யாருது முதல்ல எழுதினது?"

"டிஸ்க் தேதி வெச்சிருக்கும். கோப்பைக் கடைசியா எப்ப சேமிச்சோமோ அந்தத் தேதி. அடைக்கப்பனுது 5-08-90. காலை 10:31."

"உங்களுது?"

தம்பிராஜா ஒப்புதல் தாளைப் பார்த்துச் சொன்னார்.

"1-01-80. விடியற்காலை 1:52."

ஷரீஃப் விசிலடித்தான். "பத்து வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டீங்களா? அப்ப நீங்கதான் சீனியர்."

"கலியாணசுந்தரம் சாரும் அதைத்தான் கேட்டார். 1980 புத்தாண்டு விடியற்காலையில எங்கே இருந்தீங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் தேதியை மாத்தி மறைக்கப் பார்த்தேனாம்."

"நிஜமா எப்ப எழுதினீங்க?"

"ஆகஸ்ட் பன்னிரண்டு. ஞாயிறு. காலையில."

"காகிதத்துல எழுதிப் பார்க்கலையா?"

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தள்ளினார். பென்சில் எழுத்து. அடித்தல் திருத்தல். ஒரு பக்கம் முழுக்க 59 என்ற எண்ணைச் சுற்றி வட்டங்கள்.

"இது என்ன?" என்றாள் நாகம்மை.

"விடை 59.25 வரணும். யந்திரம் 59ன்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு. காலைநேரத்துல பாதி இதுலயே போச்சு." முதன்முறையாக அவர் குரலில் உயிர் வந்தது. "முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா சி மொழி மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். நாம கேட்டாத்தான் கொடுக்கும். அது புரிஞ்சப்ப எழுந்து நின்னுட்டேன்."

"இதைக் காட்டினீங்களா?"

"பிறகுகூட எழுதியிருக்கலாமேன்னு கலியாணசுந்தரம் சார் சொல்லிட்டார்."

நாகம்மை நோட்டை மூடவில்லை. பென்சிலில் எழுதிய பெட்டிகளை எண்ணினாள். ஆறு இருந்தன. முதல் பெட்டியின்மேல் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தது.

"ஏன் பூஜ்ஜியம்?"

"சி மொழி பூஜ்ஜியத்திலேர்ந்துதான் எண்ணும். முதல் பெட்டிக்குப் பேரே பூஜ்ஜியம்."

"எங்க அத்தா கடையில அப்படி எண்ணினா முதல் ரொட்டி இலவசம்," என்றான் ஷரீஃப்.

மின்விசிறியின் காற்றில் ஒப்புதல் தாள் பறக்காமல் இருக்க, அதன் ஓரத்தில் நீளமான ஒரு பேரேட்டை வைத்திருந்தார் தம்பிராஜா. நீல அட்டை. நாகம்மை அதை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். நோட்டைப் பார்த்தாள். மீண்டும் பேரேட்டைப் பார்த்தாள்.

"இது எனக்கு மூணு மணி வரைக்கும் வேணும்."

"பள்ளிக்கூடத்துச் சாமான். தொலைஞ்சா என் வேலை போயிடும்."

"தொலையாட்டியும் இன்னைக்குப் போகப்போகுது," என்றான் ஷரீஃப்.

நாகம்மை அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு பேரேட்டைப் பையில் வைத்தான்.

*

காஜா பெராங் சாலையில் கொடிகள் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மெர்டேக்கா, சுதந்திர தினம். வெஸ்பா மையம் இருந்த புக்கிட் பாரு நோக்கித் திணறியது.

"யாருக்கா செஞ்சது?" என்றான் ஷரீஃப். "அந்த விரிவுரையாளர் மேலதான் எனக்குச் சந்தேகம்."

"ஏன்?"

"சிரிச்சாராமே. சிரிக்கிற வாத்தியாரை நான் பார்த்ததே இல்ல."

நாகம்மை பின்னிருக்கையில் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். இருபது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். மற்றவர் பேசட்டும் என்று காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்.

மையம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடி. சுல்தானா கதவைத் திறந்துவிட்டு உடனே சாத்தினாள்.

"ஒரு மணிக்கு வேற வகுப்பு இருக்கு. சீக்கிரம் பாருங்க. யாராச்சும் கேட்டா ஏர்கான் பார்க்க வந்தீங்க."

"அப்படின்னா என் சம்பளம் கூடணும்," என்றான் ஷரீஃப்.

"நீ வாயை மூடு லா. வந்து தொலைஞ்சதும் ஆரம்பிச்சிட்டான்."

பன்னிரண்டு யந்திரங்கள். ஓரத்தில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதில் டிஸ்க்குகள், நெற்றியில் பெயர் ஒட்டி, நெருக்கமாக.

"டிஸ்க்கெல்லாம் இங்கேயேதான் இருக்குமா?"

"வீட்டுக்குக் கொண்டுபோனா வளைச்சுடுறாங்க. ஒரு ஆள் சட்டைப் பையில வெச்சுத் துவைச்சிட்டார். அதனால எல்லாம் இந்தப் பெட்டியில."

"பெட்டிக்குப் பூட்டு?"

"சப்பாத்துப் பெட்டிக்கு யாருக்கா பூட்டுப் போடுவா?"

நாகம்மை ஒரு யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். "இதை எப்படித் தொடங்குவாங்க? அவங்க செய்யுற மாதிரியே செய்."

சுல்தானா டிஸ்க்கைச் செருகி விசையைத் தட்டினாள். யந்திரம் முனகியது. திரையில் இரண்டு வரி வந்தது. சுல்தானாவின் விரல் என்டர் பொத்தானை இரண்டு முறை தட்டியது. வரிகள் மேலே போய்விட்டன.

"நில்லு. அது என்ன கேட்டுச்சு?"

"எது?"

"நீ தட்டிவிட்டியே, அது."

சுல்தானா யோசித்தாள். "என்னமோ கேட்கும். நாங்க என்டர் தட்டுவோம். எல்லாரும் அப்படித்தான்."

"அணைச்சு மறுபடி போடு."

இம்முறை நாகம்மை தட்டவிடவில்லை. திரையோடு முகத்தை வைத்துப் படித்தாள். முதல் வரி: இன்றைய தேதி 1-01-1980. இரண்டாவது வரி: புதிய தேதியைத் தரவும். பக்கத்தில் சிறிய எழுத்தில் வேறு ஏதோ. அதையும் படித்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது.

"இதுக்கு நினைவு கிடையாது," என்றாள். "அணைச்சா தேதி மறந்துடும். ஒவ்வொரு தடவையும் 1980 ஜனவரி ஒண்ணு, நள்ளிரவுன்னு ஆரம்பிக்குது. என்டர் தட்டுறவங்க எல்லாருக்கும் அதேதான்."

ஷரீஃப் நிமிர்ந்தான். "அப்ப 1:52?"

"யந்திரத்தைப் போட்டு ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆனப்ப சேமிச்சிருக்கார். அவ்வளவுதான். சுல்தானா, பன்னிரண்டாம் தேதி எத்தனை மணிக்குப் போட்டே?"

"ஞாயித்துக்கிழமை எப்பவும் ஒன்பதுக்கு."

"பத்து ஐம்பத்திரண்டு. காலை. அவர் சொன்னது சரி."

"என் வெஸ்பாவும் அப்படித்தான் ஓடுது. ரோட் டேக்ஸ் முடிஞ்சு ஒரு மாசம். நானும் என்டர் தட்டிக்கிட்டே இருக்கேன்."

"முப்பத்தொரு டிஸ்க்கையும் போட்டுத் தேதியை எழுது."

நாற்பது நிமிடம் ஆனது. ஷரீஃப் பட்டியலை நீட்டினான். முப்பது வரிகளில் 1980. ஒரே ஒரு வரியில் 1990.

"ஊர்ல ஒருத்தன்தான் ஒழுங்கா தேதி போட்டிருக்கான்," என்றான். "அவனுக்குத்தான் தேதி தேவைப்பட்டிருக்கு."

"வருகைப் பதிவேடு?"

சுல்தானா புரட்டினாள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அடைக்கப்பன் வந்து கையெழுத்திட்டிருந்தான். பன்னிரண்டாம் தேதியும். பத்தொன்பதாம் தேதி எட்டேமுக்காலுக்கே வந்திருந்தான், எல்லாருக்கும் முன்னால்.

"ஒப்படைப்பு எப்ப கொடுத்தாங்க?"

"ஜூலை கடைசி ஞாயிறு. இருபதாம் தேதிக்குள்ள முடிக்கணும்."

"இந்த யந்திரங்கள் எப்ப வந்துச்சு?"

"ஜூன் கடைசியில. ஜூலை ஒண்ணாம் தேதி முதல் வகுப்பு."

"பிடிச்சாச்சு," என்றான் ஷரீஃப்.

"இல்லை," என்றாள் நாகம்மை. "ஐந்தாம் தேதி நான் வந்தேன், அன்னைக்கு ஒழுங்கா தேதி போட்டு எழுதினேன்னு சொல்லுவான். பதிவேட்டுலயும் கையெழுத்து இருக்கு. தேதியால அவனை இங்கேர்ந்து அசைக்க முடியாது." அவள் எழுந்தாள். "அவன் அந்த ஐந்தாம் தேதியை விட்டுடக் கூடாது. அதுதான் எனக்கு வேணும்."

"விடக் கூடாதா? புடுங்கணும்னுல்ல நினைச்சேன்?"

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

*

மூன்று மணி. அதே கூடம். வகுப்பு முடிந்து யந்திரங்கள் இன்னும் சூடாக இருந்தன.

தலைமை வளாகத்திலிருந்து வந்த அதிகாரி நடராஜன் டை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலியாணசுந்தரம். எதிரே தம்பிராஜா, கைகளை முழங்காலில் வைத்து. சற்றுத் தள்ளி அடைக்கப்பன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. முகத்தில் கோபம் இல்லை. தூங்காத களைப்பு மட்டும்.

"நீங்கள்?" என்றார் நடராஜன்.

"விசாரணைக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம்னு உங்க கடிதத்திலேயே இருக்கு," என்றாள் நாகம்மை. "துணை நான்."

"அவர்?"

"ஏர்கான்," என்றான் கதவோரம் நின்ற ஷரீஃப்.

நடராஜன் தம்பிராஜாவிடம் திரும்பினார். "ஒப்புதல் தாள் கொண்டுவந்திருக்கிறீர்களா?"

தம்பிராஜா தாளை மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போடலை."

"பேனா வேண்டுமா?"

"என்கிட்டதான் இருக்கு," என்றாள் நாகம்மை. "முதல்ல இதைப் பாருங்க."

பட்டியலை நீட்டினாள். முப்பது பேரும் 1980. என்டர் பொத்தானைப் பற்றிச் சொன்னாள். ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. கலியாணசுந்தரம் தானே எழுந்து போய் ஒரு யந்திரத்தைப் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

"தம்பிராஜா தேதியை மாற்றவில்லை. அதை ஏற்கிறேன்," என்றார். "நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அதனால் புரோகிராம் அவருடையது ஆகிவிடாது."

"ஆகாது," என்றாள் நாகம்மை. "அடைக்கப்பன், நீங்க மட்டும் ஏன் தேதி போட்டீங்க?"

"யந்திரம் கேட்டது, கொடுத்தேன். வங்கியில் தேதி இல்லாத காகிதத்தை யாரும் தொட மாட்டோம்." நிதானமான குரல். "மற்றவர்கள் போடாதது என் குற்றமா?"

"இல்லை. இன்னைக்குத் தேதியைப் போட்டுக் காட்டுங்க."

அவன் நடராஜனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் ஒரு யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தான். விசை. முனகல். திரை கேட்டது. அவன் தட்டினான்: 26-8-90.

செல்லாத தேதி என்றது திரை. மறுபடி கேட்டது.

அவன் மறுபடி தட்டினான், ஒவ்வொரு எண்ணாக. 26-08-90.

செல்லாத தேதி.

அவன் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"அடைப்புக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க," என்றாள் நாகம்மை. "யாரும் படிக்கிறதில்லை. அமெரிக்காக்காரன் செஞ்ச யந்திரம். மாதம் முதல்ல, தேதி பிறகு. நாம எழுதுற மாதிரி இல்லை. இருபத்தாறாவது மாதம் கிடையாது, அதனால தள்ளிடுது."

கலியாணசுந்தரம் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்படியானால் 5-08-90..."

"மே எட்டு. இந்தக் கூடம் காலியா இருந்த மாதம். யந்திரமும் இல்லை, வகுப்பும் இல்லை."

நடராஜன் கண்ணாடியைக் கழற்றினார். தம்பிராஜா முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவோரம் ஷரீஃப், வெளியே நின்ற சுல்தானாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

அடைக்கப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"சரி. எனக்கு அது தெரியாது. அதனால்தான் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நம் வழக்கப்படி ஐந்து, எட்டு என்று போட்டேன். யந்திரம் அதை மே என்று எடுத்துக்கொண்டது. அது அறியாமை. திருட்டு இல்லையே? அன்று நான் வந்ததற்குப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது."

நடராஜன் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார்.

"அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. நீங்கள் காட்டியது அவர் கூற்றைத்தான் உறுதிப்படுத்துகிறது. ஆகஸ்ட் ஐந்து, ஆகஸ்ட் பன்னிரண்டுக்கு முன்னால்."

தம்பிராஜாவின் தோள் மறுபடி தாழ்ந்தது. ஷரீஃப் கண்ணை மூடிக்கொண்டான்.

"சரி," என்றாள் நாகம்மை. "ஆகஸ்ட் ஐந்துன்னே வெச்சுக்குவோம். அடைக்கப்பன், அன்னைக்குக் காலை 10:31க்கு உங்க புரோகிராம் முடிஞ்சுடுச்சு. அப்படித்தானே?"

"ஆமாம்."

"அதுக்குப் பிறகு ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"இல்லை."

"ஒரு எண்?"

"ஒரு புள்ளிகூட இல்லை. மாற்றிச் சேமித்திருந்தால் தேதியும் மாறியிருக்கும்."

"சரிதானா சார்?"

"சரி," என்றார் கலியாணசுந்தரம். "கடைசியாகச் சேமித்த தேதிதான் நிற்கும்."

"அப்ப அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு எண்ணும் ஐந்தாம் தேதியே இருந்திருக்கு."

"இருந்தது," என்றான் அடைக்கப்பன். குரல் உறுதியாகவே இருந்தது.

நாகம்மை அடைக்கப்பனின் டிஸ்க்கிலிருந்து அச்செடுத்த புரோகிராமை மேசையில் விரித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"ஆறு பெட்டி. பூஜ்ஜியப் பெட்டியில 100. பிறகு 41, 78, கழித்தல் 1, 63, 55. இந்த எண்களெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாதிரி எண்கள். தோன்றியதைப் போட்டேன்."

"முதல்ல ஏன் நூறு? சராசரியில அதைச் சேர்க்கவே இல்லையே. புரோகிராம் ஒண்ணாம் பெட்டியிலேர்ந்துதான் கூட்டுது."

"அது... தொடக்கத்துக்கு."

"கழித்தல் ஒண்ணு? யாராவது பூஜ்ஜியத்துக்குக் கீழே மார்க் வாங்குவாங்களா?"

"நான் வாங்கியிருக்கேன்," என்றான் ஷரீஃப், கண்ணைத் திறந்து.

அடைக்கப்பன் அச்சுத்தாளை மறுபடி பார்த்தான். "சோதித்துப் பார்க்க," என்றான் பிறகு.

நாகம்மை தம்பிராஜாவிடம் மலாயில் கேட்டாள். "நீங்க சொல்லுங்க. ஏன் நூறு?"

அவர் குழப்பத்தோடு பார்த்தார். இவ்வளவு சின்ன விஷயத்தை ஏன் கேட்கிறார்கள் என்பதுபோல. "பேரேட்டுல முதல் வரி முழு மதிப்பெண். அதுக்குக் கீழேதான் பிள்ளைங்க. ஒன்பது வருஷமா அப்படித்தானே எழுதுறேன். சி மொழியில பூஜ்ஜியம்னு ஒரு பெட்டி சும்மா கிடந்துச்சு. முழு மதிப்பெண்ணை அங்கே வெச்சேன்."

"கழித்தல் ஒண்ணு?"

"வராத பிள்ளை. பூஜ்ஜியம் போட்டா பரீட்சை எழுதி ஒண்ணும் வாங்கலைன்னு ஆயிடும். பாவம், அவனுக்கு அம்மை. அதனால கழித்தல் ஒண்ணு போட்டு, அதைத் தாண்டிப் போகச் சொன்னேன். நாலு பேருக்குத்தான் சராசரி. 59.25."

"ஷரீஃப்."

அவன் பையிலிருந்து நீல அட்டைப் பேரேட்டை எடுத்துவந்து வைத்தான். நாகம்மை அந்தப் பக்கத்தைத் திறந்தாள். நடராஜனும் கலியாணசுந்தரமும் குனிந்தார்கள்.

முதல் வரி: 100. அதன் கீழே நீல மையில் 41. 78. மூன்றாவது பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறி. 63. 55.

"முப்பத்திரண்டு பிள்ளைகள்ல முதல் ஐந்து பேர்," என்றாள் நாகம்மை. "இப்ப பக்கத்தின் தலைப்பைப் பாருங்க. பள்ளிக்கூடத்துல மாதத்தை எழுத்தால எழுதுவாங்க. அதனால முதல்ல எது, பிறகு எதுன்னு சண்டை வராது."

நடராஜன் வாய்விட்டுப் படித்தார். "ஆகஸ்ட் மாதச் சோதனை. ஒன்பது ஆகஸ்ட் 1990." கீழே தலைமையாசிரியரின் சுருக்கொப்பமும் முத்திரையும் இருந்தன.

நாகம்மை அடைக்கப்பன் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைங்க பரீட்சை எழுதினது ஒன்பதாம் தேதி. நீங்க ஐந்தாம் தேதியே மார்க் போட்டுட்டீங்க. அவனுக்கு அம்மை வரப்போகுதுன்னும் தெரிஞ்சிருக்கு."

அடைக்கப்பன் பேரேட்டைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தான். அறையில் இருந்த எல்லாரையும்விட வேகமாக அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"மே மாதம் என்றதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம்," என்றான். "நான்தான் ஐந்தாம் தேதிக்குத் திரும்ப வந்தேன்."

"ஆமா."

"அதற்குத்தான் என்னைத் தேதி போடச் சொன்னீர்களா?"

"ஆமா."

அவன் சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்தான், மறுபடி போட்டான். குரலில் இருந்த வங்கி போய்விட்டிருந்தது.

"ஏழு ஞாயித்துக்கிழமை வந்தேன் சார். ஏழும் புரியலை. வங்கியில என்கிட்ட முப்பது பேர் கேட்டுப் போறாங்க. இங்கே வந்து எனக்குப் புரியலைன்னு கையைத் தூக்க முடியலை. அவர் எழுந்து நின்னதைப் பார்த்தேன், அன்னைக்கு, விடை வந்தப்ப. அடுத்த வாரம் சீக்கிரம் வந்து அவர் டிஸ்க்கை எடுத்தேன்." அவன் தம்பிராஜாவைப் பார்க்கவில்லை. "பேரை மாத்தினேன். தேதியையும் நேரத்தையும் போட்டேன். வேற எதையும் மாத்தப் பயம். எதைத் தொட்டா எது உடையும்னு தெரியாது."

நடராஜன் ஒப்புதல் தாளை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நான்காகக் கிழித்தார்.

"தம்பிராஜா, நீங்கள் போகலாம். அடைக்கப்பன், நீங்கள் இருங்கள்."

தம்பிராஜா எழுந்திருக்கவில்லை. "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஏன் இந்தப் பேரேட்டை முன்பே காட்டவில்லை?"

அவர் யோசித்தார். "எல்லாரும் தேதியைத்தான் கேட்டீங்க சார். மார்க்கைப் பத்தி யாரும் கேட்கலை."

*

வெளியே சுல்தானா சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள். மூன்று நாற்பத்தைந்து. மேசையில் அன்றைய வருகைப் பதிவேடு திறந்திருந்தது.

"அக்கா, அந்த மே மாத விவகாரத்துல எனக்கு நெஞ்சு நின்னே போச்சு," என்றான் ஷரீஃப். "தோத்துட்டோம்னு நினைச்சேன்."

"அவனும் அப்படித்தான் நினைச்சான். இல்லாட்டி ஐந்தாம் தேதியை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருக்க மாட்டான்."

"எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன் முகம் காட்டிக் கொடுத்திருக்கும். நீ கண்ணை மூடினதைப் பார்த்துத்தான் அவனுக்குத் தைரியமே வந்துச்சு."

ஷரீஃப் தன் முகத்தைத் தடவிக்கொண்டான். "அப்ப என் முகத்துக்குத் தனியா சம்பளம் கொடுக்கணும்."

தம்பிராஜா பேரேட்டை மார்போடு அணைத்தபடி வந்தார். கதவருகில் நின்றார். பிறகு திரும்பி உள்ளே போனார். நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடலையே நீங்க," என்றாள் சுல்தானா, பதிவேட்டைத் திருப்பி வைத்து.

அவர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை.

நாகம்மை கைப்பையைத் திறந்து கொடுத்தாள்.

அவர் மூடியைக் கழற்றினார். பெயருக்கு நேரே கையெழுத்திட்டார். தேதிக் கட்டத்தில் கை ஒரு கணம் நின்றது. பிறகு 26 என்று எழுதி, பக்கத்தில் ஆகஸ்ட் என்று எழுத்தில் எழுதினார்.